செத்துச் செத்துப் பிழைத்த சிப்பாய்

திருகோணமலைத் துறைமுகத்தின் கதை: அத்தியாயம் 17

சென்ற அத்தியாயம் எண்ணெய்க் குதம் எரிந்த புகையோடு நின்றது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, கமாண்டர் மிட்சுவோ புச்சிடாவின் தலைமையில் வந்த ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கிவிட்டுத் திரும்பின. சகாயிங் என்ற சரக்குக் கப்பல் நங்கூரமிட்ட இடத்திலேயே எரிந்தது. ஆபத்து வருகிறது என்று முதல்நாள் இரவே வெளியே அனுப்பப்பட்ட ஹேர்மீஸ், மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது. அதோடு 307 பேர் போனார்கள். ஹேர்மீஸ் ஒரு விமானந்தாங்கிக் கப்பல். அன்று அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. இதை யாராவது கதையாக எழுதிக் கொடுத்திருந்தால், நம்பும்படி இல்லை என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

போர் இப்படிப்பட்ட கொடிய வேடிக்கைகளை ஓயாமல் செய்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்கவும் சிலருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது. இந்தத் துறைமுகத்தோடு சம்பந்தப்பட்ட மூன்று கடற்படைகளின் நாடுகளும் போர்க்காலத்தில் காட்டூன் படம் எடுத்தன. துறைமுகத்துக்குச் சொந்தக்காரனாக இருந்த பிரித்தானியா எடுத்தது, குண்டு போட்ட ஜப்பான் எடுத்தது, 1944இல் விருந்தாளியாக வந்த அமெரிக்காவும் எடுத்தது. அவற்றில் பெரும்பாலானவை போர் முடிந்ததும் அலுமாரிக்குள் போய், பல ஆண்டுகளுக்குப் பிறகே வெளியே வந்தன. அந்தச் சித்திரங்களின் கதைதான் இந்த அத்தியாயம். துப்பாக்கிச் சத்தத்திலிருந்து கொஞ்சம் ஓய்வு என்று வாசகர்கள் வைத்துக்கொள்ளலாம், இவற்றிலும் சாவுக்குக் குறைவில்லை என்றாலும்.

பிரித்தானியாவின் பங்கைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஜோன் ஹலாஸ், ஜோய் பட்செலர் தம்பதியின் நிறுவனம் கடற்படைத் தலைமையகத்துக்காக எடுத்து 1945இல் முடித்த படத்தின் பெயர் 'ஹான்ட்லிங் ஷிப்ஸ்'. கப்பலை எப்படித் திருப்புவது, எப்படிக் கரையோடு அணைப்பது என்று மாதிரிக் கப்பல்களை வைத்துக் காட்டும் பாடப்படம் அது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். கப்பல் ஓட்டப் பழகுபவர்களுக்குப் பெரும் உபகாரம். சிரிப்பை அதில் தேடினால் கிடைக்காது.

ஜப்பானின் படத்தில் சிரிப்பு உண்டு. அதன் பெயர் 'மோமோதரோவின் கடற்கழுகுகள்'. மிட்சுயோ செயோ இயக்கிய, 37 நிமிடம் ஓடும் படம். கடற்படை அமைச்சின் ஆதரவோடு எடுக்கப்பட்டு 1943 மார்ச் 25இல் திரைக்கு வந்தது. மோமோதரோ, பீச் பழத்துக்குள் பிறந்து, நாயையும் குரங்கையும் காட்டுக்கோழியையும் கூட்டிக்கொண்டு அரக்கர் தீவுக்குப் போகும் சிறுவன். ஜப்பானியக் குழந்தைகள் எல்லோரும் அறிந்த பாட்டி கதை. செயோ அவனை ஒரு விமானந்தாங்கிக் கப்பலின் தளபதியாக்கினார். நாயும் குரங்கும் விமானமோட்டிகள். முயல்கள் காதை ஆட்டிச் சைகை காட்டி விமானங்களை வழியனுப்புகின்றன. அரக்கர் தீவோ அச்சொட்டாக பேர்ள் துறைமுகம். அங்கே சாராயப் போத்தல்களோடு தள்ளாடும் குண்டு மாலுமி ஒருவன் வருகிறான். அமெரிக்கர்களின் பொப்பாய் காட்டூனில் வரும் புளூட்டோவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எதிரியின் படத்திலிருந்தே எதிரியைத் திருடிய குறும்பு என்று இதை ரசிக்கலாம்.

ஆனால் இந்தப் படத்தின் உண்மையான கறுப்பு நகைச்சுவை திரைக்கு வெளியே இருக்கிறது. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியவை ஆறு விமானந்தாங்கிகள். அவற்றில் ஐந்து, நாலு மாதம் கழித்து இந்து சமுத்திரத்துக்கு வந்து கொழும்பையும் திருகோணமலையையும் அடித்தன. தலைமைக் கப்பல் அக்காகி. அங்கே விமானங்களை வழிநடத்திய அதே புச்சிடாதான் இங்கேயும் வந்தார். திருகோணமலையில் குண்டு விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் மாதம் மிட்வேயில் அக்காகி, சோர்யு, ஹிர்யு, காகா என்ற நாலு கப்பல்களும் மூழ்கின. அந்தத் தோல்வியின் அளவை ஜப்பானிய அரசு தன் மக்களிடமிருந்து மறைத்தது. ஆக, 1943இன் வசந்தத்தில் பிள்ளைகள் திரையரங்கில் இருந்து முயல்கள் விமானம் ஏற்றுவதைப் பார்த்துக் கை தட்டியபோது, அந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை ஒன்பது மாதமாகப் பசிபிக் கடலின் அடியில் கிடந்தன. படம் எடுத்தவர் இந்தப் பகிடியைத் தெரிந்து வைக்கவில்லை. வைத்தவர்கள் அதிகாரிகள்.

அமெரிக்கர்களிடம் இதற்கு நேர்மாறான ஒரு பொருள் இருந்தது. அதன் நாயகன் சிப்பாய் ஸ்னாஃபு.

இராணுவத்துக்குள் புதிதாகச் சேர்ந்த இலட்சக்கணக்கானோரில் பலருக்கு எழுத்து வாசனை குறைவு. கையேடு அச்சடித்துக் கொடுத்தால் படிக்கமாட்டார்கள், அதிகாரி நின்று பேசினால் தூங்குவார்கள். ஹொலிவூட்டின் பெரிய இயக்குநர் பிராங்க் கப்ரா அப்போது இராணுவ உடுப்பில் படப்பிரிவு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். எதையும் தப்பாகவே செய்யும் ஒரு மக்குச் சிப்பாயைக் காட்டி, அவன் படும் பாட்டைப் பார்த்து மற்றவர்கள் திருந்தட்டும் என்பது அந்தப் பிரிவின் யோசனை. வேலையை வோல்ட் டிஸ்னியிடம் கொடுக்கலாம் என்று பேச்சு எழுந்தது. டிஸ்னி பாத்திரத்தின் உரிமையையும், அதை வைத்துப் பொம்மை முதலியன விற்கும் உரிமையையும் தனக்கே கேட்டார். வோர்னர் பிரதர்ஸுக்குக் காட்டூன் செய்து கொடுத்த லியோன் ஷ்லெசிங்கர் மிகவும் குறைந்த தொகைக்குச் செய்து தருவதாகச் சொல்லி வேலையை எடுத்துக்கொண்டார். கஞ்சத்தனத்துக்குக் கலை நன்றி சொல்லவேண்டிய அரிய சந்தர்ப்பங்களில் இது ஒன்று. டிஸ்னியின் கையில் போயிருந்தால் ஸ்னாஃபு நல்ல பிள்ளையாகி இருப்பான்.

ஷ்லெசிங்கரிடம் இருந்தவர்கள் சக் ஜோன்ஸ், பிரிஸ் பிரீலெங், பிராங்க் டாஷ்லின், பொப் கிளம்பெட். பக்ஸ் பனி முயலை வளர்த்த கைகள். அந்த முயலுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்கே ஸ்னாஃபுவுக்கும் பேசினார். கதையும் வசனமும் எழுதியவர்களில் முக்கியமானவர் தியோடோர் கைசல். பிற்காலத்தில் டொக்டர் சூஸ் என்ற பெயரில் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் எதுகை மோனையோடு கதை சொன்னவர். படங்கள் கறுப்பு வெள்ளை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாலு நிமிடம். படையினருக்கு மட்டும் என்று இரு வாரத்துக்கு ஒருமுறை வந்த 'ஆர்மி நேவி ஸ்கிரீன் மகசீன்' என்ற தொகுப்பில் சேர்த்துக் காட்டப்பட்டன. பொதுமக்கள் பார்க்காத படத்துக்குத் தணிக்கை இல்லை. ஆகவே கெட்ட வார்த்தை, அரை நிர்வாணம், படை முகாமின் பச்சைப் பகிடி எல்லாம் தாராளம்.

முதல் படம் 1943 ஜூன் மாதம் வந்தது. அடுத்த இரண்டரை ஆண்டுகளில் ஸ்னாஃபு பட்ட பாடு கொஞ்சமல்ல. சோம்பேறித்தனத்தால் டாங்கிக்கு அடியில் போனான். துப்பாக்கியைத் துடைக்காமல் வைத்து எதிரியிடம் பிடிபட்டான். வதந்தி பரப்பிக் கடைசியில் பைத்தியக்கார அறைக்குள் அடைக்கப்பட்டான். கிளம்பெட் இயக்கிய 'பூபி டிராப்ஸ்' படத்தில் எதிரி விட்டுச்சென்ற வீட்டில் ஒரு பியானோ இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு கட்டையை அழுத்தினால் குண்டு வெடிக்கும். ஸ்னாஃபு பாட்டை வாசிக்கிறான், அந்தக் கட்டையில் மட்டும் திரும்பத் திரும்பப் பிழை விடுகிறான், பார்ப்பவர் நெஞ்சு ஒவ்வொரு தடவையும் அடைக்கிறது. அவன் வானுலகம் போய்ச் சேர்ந்த பிறகும் வாத்தியம் அவனை விடவில்லை. அடுத்த படத்தில் ஒன்றும் நடக்காததுபோல் அதே முகத்தோடு வந்து நிற்பான். தன் படையாள் சாவதைக் காட்டித் தன் படையாட்களையே சிரிக்கவைத்த அரசாங்கச் செலவுப் படங்கள் வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு துணிச்சலோடு வரவில்லை.

துறைமுக ஊர்க்காரருக்கு நெருக்கமாக உணரக்கூடியது 1943 ஓகஸ்டில் வந்த 'ஸ்பைஸ்'. சக் ஜோன்ஸ் இயக்கம். ஸ்னாஃபுவுக்கு ஒரு இரகசியம் தெரியும்: தன் கப்பல் எத்தனை மணிக்கு, எங்கே புறப்படுகிறது என்பது. யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டே ஒவ்வொரு துண்டாகச் சிந்துகிறான். தொலைபேசியில் கொஞ்சம், மதுக்கடையில் கொஞ்சம், ஓர் அழகியின் பக்கத்தில் மிச்சம். துண்டுகள் ஒன்று சேர்ந்து எதிரியிடம் போகின்றன, நீர்மூழ்கிகள் வழியில் காத்திருக்கின்றன. கப்பல் போனது, ஸ்னாஃபு நரகத்துக் கொப்பரைக்குள் விழுந்து, எந்தப் பாவி என்னைக் காட்டிக்கொடுத்தான் என்று கத்துகிறான். ஹிட்லரின் முகத்தோடு இருக்கும் சாத்தான் ஒரு கண்ணாடியை நீட்டுகிறான். ஹேர்மீஸ் காட்டிக்கொடுப்பால் மூழ்கவில்லை. அதை ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுகொண்டது. ஆனாலும் துறைமுகத்தை விட்டு ஒரு கப்பல் புறப்படும் நேரத்தின் விலை என்ன என்பதைத் திருகோணமலை 1942இலேயே கண்டுவிட்டது.

தாக்குதலுக்குப் பிறகு பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படை ஆபிரிக்காவின் கிலிண்டினிக்கு ஒதுங்கியிருந்தது. 1944 தொடக்கத்தில்தான் அது முழுப் பலத்தோடு திருகோணமலைக்குத் திரும்பியது. மார்ச் கடைசியில் அமெரிக்காவின் சரட்டோகா என்ற விமானந்தாங்கி மூன்று நாசகாரிக் கப்பல்களோடு இங்கே வந்து சேர்ந்தது. ஏப்ரல் 19இல் சுமாத்திராவின் சபாங், மே 17இல் ஜாவாவின் சுரபாயா என்று இரண்டு தாக்குதல்களில் பிரித்தானியக் கப்பல்களோடு கலந்துகொண்டு திரும்பிப் போனது. அதே ஆண்டில் ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவு அமைப்பும் கண்டியில் தலைமையகம் வைத்து, திருகோணமலையில் பயிற்சி முகாம் ஒன்றைத் திறந்தது. மலாயாவிலும் சுமாத்திராவிலும் கரையிறங்கப் போகிறவர்கள் இங்கேதான் படகும் நீச்சலும் பழகினார்கள்.

வந்தவர்கள் எல்லோருக்கும் பொதுவான எதிரி ஒன்று இங்கே ஏற்கெனவே இருந்தது. நுளம்பு.

மழை குறைந்த வறண்ட வலயத்தில் மலேரியா புதிய செய்தி அல்ல. மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் மகாவலி கலக்கிறது. கோடையில் இப்படியான ஆறுகள் வற்றும்போது மணல் நடுவே தெளிந்த குட்டைகள் தேங்கும். இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் குலிசிபேசிஸ் இனத்துக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. 1934-35 பெருந்தொற்றில் நாடு முழுவதும் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். போரில் நிலைமை இன்னும் மோசம். உலகத்தின் கொயினாவில் மிகப் பெரும்பகுதி ஜாவாவின் தோட்டங்களிலிருந்து வந்தது. அந்த ஜாவாவை 1942இல் ஜப்பான் பிடித்துக்கொண்டது. மிஞ்சியது அடெப்ரின் என்ற மஞ்சள் குளிசை. பிரித்தானியர் அதையே மெபாக்ரின் என்றார்கள். தின்றால் தோல் மஞ்சளாகும், வாய் கசக்கும். ஆண்மை போய்விடும் என்று வேறு முகாம்களில் கதை பரவியதால் பலர் வாங்கி எறிந்தார்கள்.

பர்மாப் போர்முனையில் ஜெனரல் ஸ்லிம் எழுதி வைத்த கணக்கு ஒன்று உண்டு. 1943இல் காயம்பட்டு ஒருவர் வெளியேற்றப்பட்டால், நோயால் 120 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர் திடீரென்று படைப்பிரிவுகளுக்குள் புகுந்து, ஆட்கள் குளிசை விழுங்கியிருக்கிறார்களா என்று சோதிக்கச் செய்தார். விழுங்காதவர்கள் கூடுதலாக இருந்தால் தளபதியின் வேலை போகும். மூன்று பேரை அப்படி நீக்கியதும் மற்றவர்கள் வழிக்கு வந்தார்கள்.

அமெரிக்கர்கள் அதே காரியத்துக்கு ஸ்னாஃபுவை அனுப்பினார்கள். 1944இல் சக் ஜோன்ஸ் எடுத்த 'மலேரியா மைக்' படத்தில் நுளம்பு ஒரு தேர்ந்த வேட்டைக்காரன். ஸ்னாஃபு பாதுகாப்பு ஒன்றும் இல்லாமல் ஓடையில் குளிக்கிறான், வலையைச் சரியாகக் கட்டாமல் படுக்கிறான். முடிவில் மைக் தன் வீட்டில் ஓய்வாக இருக்கிறான், சுவரில் ஸ்னாஃபுவின் தலை வேட்டைப் பரிசாக மாட்டியிருக்கிறது. 1945இல் வந்த 'இட்ஸ் மர்டர் ஷீ செய்ஸ்' இன்னும் கூர்மையானது. அங்கே நுளம்பு ஒரு பெண், பெயர் அனோபிலிஸ் அனி. வயது போய், பூச்சு உதிர்ந்து, தன் பொற்காலத்தை எண்ணிப் புலம்புகிறாள். இராணுவம் வந்து குட்டைகளில் எண்ணெய் ஊற்றியது, வலை கட்டியது, மாத்திரை கொடுத்தது, என் தொழில் கெட்டது என்பது அவள் முறைப்பாடு. நோயைப் பரப்புகிறவளின் வாயாலேயே நோய்த்தடுப்பு முறைகள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லவைத்த எழுத்துச் சாமர்த்தியம் இன்றைய சுகாதாரப் பிரசாரங்களில் காணக் கிடைக்காது. கைசல் இதற்கு முன்பே, 1943இல், மன்ரோ லீஃப் எழுதிய ஒரு சின்னப் புத்தகத்துக்கு இதே நுளம்புப் பெண்ணைப் படமாக வரைந்திருந்தார்.

அனியின் புலம்பல் இலங்கையில் உண்மையாவதற்கு அதிக காலம் எடுக்கவில்லை. 1946இல் நாட்டில் ஏறக்குறைய 28 இலட்சம் மலேரியா நோயாளர்கள் பதிவாகினர். அந்த ஆண்டுகளில் வீடு வீடாக டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கினார்கள். 1963இல் நாடு முழுவதற்குமாகப் பதிவானவர்கள் வெறும் 17 பேர். வெற்றி வந்துவிட்டது என்று தெளிப்பதை நிறுத்தினார்கள். 1968, 69இல் நோய் இலட்சக்கணக்கில் திரும்பியது. ஸ்னாஃபுவுக்குக் கதை எழுதியவர்கள் இருந்திருந்தால் இதை வைத்து இன்னொரு படம் எடுத்திருப்பார்கள். உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது 2016 செப்டெம்பரில்.

இந்தப் படங்களைப் புகழும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஜப்பானியரை இவை பல்லும் கண்ணாடியுமாக வரைந்த விதம் வெறும் இனவெறி. பெண்கள் வரும் இடமெல்லாம் ஒன்றில் உளவாளி, இல்லாவிட்டால் நோய். அரக்கர் தீவுக் காட்டூனுக்கும் இதற்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், தோணிக்காரரும் கூலிகளும் இரு தரப்புப் படத்திலும் இல்லை. காட்டும் தீவுகளில் பெரும்பாலும் தென்னை மரம்தான் குடிமகன். கைசலே பின்னாளில் ஜப்பான் போய்வந்த பிறகு 1954இல் 'ஹோர்ட்டன் ஹியர்ஸ் எ ஹூ' என்ற நூலை எழுதி, அதைக் கியோட்டோ பேராசிரியர் ஒருவருக்குச் சமர்ப்பணம் செய்தார். போர்க்காலத்தில் அவர் வரைந்த கேலிச்சித்திரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சமர்ப்பணத்தின் கனம் புரியும்.

அமெரிக்கக் கடற்படை தனக்கென்று மிஸ்டர் ஹூக் என்ற மாலுமியை வைத்திருந்தது. வடிவமைத்தவர், பிறகு குறும்புக்கார டெனிஸைப் படைத்த ஹாங்க் கெச்சம். நாலே படங்கள். எல்லாம் போர்க்கடன் பத்திரம் வாங்கச் சொல்லும் உபதேசம். ஸ்னாஃபு சாவான், ஹூக் சேமிப்பான். எது நினைவில் நின்றது என்று சொல்லத் தேவையில்லை.

ஜப்பான் 1945 ஏப்ரல் 12இல் இரண்டாவது மோமோதரோவை வெளியிட்டது: 'மோமோதரோ, கடலின் புனித வீரர்கள்', 74 நிமிடம். இதில் சரணடையும் அதிகாரிகள் தலையில் கொம்போடு ஆங்கிலத்தில் திக்கித் திக்கிப் பேசும் பிரித்தானியர். 1942இல் சிங்கப்பூரில் ஜப்பானியத் தளபதி யமஷிதாவின் முன்னால் பிரித்தானியத் தளபதி பேர்சிவல் சரணடைய மேசையில் இருந்த காட்சியின் நையாண்டி அது. முடிவில் சின்னப் பிள்ளைகள் மரத்திலிருந்து பரசூட் விளையாட்டாகக் குதிக்கிறார்கள், கீழே தரையில் அமெரிக்காவின் வரைபடம் கிறுக்கியிருக்கிறது. அந்த நேரம் அமெரிக்கப் படைகள் ஒகினாவாவில் இறங்கியாகிவிட்டது. குண்டுவீச்சாலும் பிள்ளைகளை ஊர்களுக்கு அனுப்பிவிட்டதாலும் படத்தைப் பார்க்க ஆளில்லை. ஒசாகாவின் வெறுமையான அரங்கில் இருந்து பார்த்த மிகச் சிலரில் ஒருவர் பதினாறு வயது ஒசாமு தெசுகா. பின்னர் ஜப்பானின் காட்டூன் உலகத்தையே கட்டி எழுப்பியவர்.

தோற்ற நாட்டின் பிரசாரப் படம் என்பதால் அது அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஷொச்சிக்கு நிறுவனத்தின் களஞ்சியத்தில் மூலப்படம் கிடைத்து, 1984இல் மீண்டும் திரையிடப்பட்டது. 2016இல் புதுப்பித்த பிரதி கான் விழா வரை போனது. ஸ்னாஃபுவின் வழி வேறு. அரசாங்கம் எடுத்த படங்களுக்குக் காப்புரிமை இல்லை. இரகசியத் தடை நீங்கி ஆவணக் காப்பகத்திலிருந்து வெளியே வந்ததும் யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம் என்றானது. 1990களில் வீடியோ நாடாக்களில் வந்தபோது, பக்ஸ் பனியை மட்டும் அறிந்திருந்தவர்கள் அதே கைகள் இவ்வளவு கறுப்பாகவும் வரைந்திருக்கின்றன என்று கண்டார்கள். போர்க்காலத்தில் சிப்பாய்களுக்கே காட்டப்படாத 'கோயிங் ஹோம்' என்ற படமும் அப்படியே வெளியில் வந்தது. 1944இல் எடுத்து அப்படியே மூடி வைக்கப்பட்டது. விடுமுறையில் வீடு போகும் ஸ்னாஃபு ஊரெல்லாம் இராணுவ இரகசியம் பேசித் தன் படைப்பிரிவையே அழித்துவிடும் கதை.

அடுத்த அத்தியாயம்: கப்பல்கள் போன பிறகும் பிரித்தானியக் கொடி பறந்த பன்னிரண்டு ஆண்டுகளும், 1957 ஒக்டோபர் 15இல் அது இறங்கிய நாளும்.